பட்டியல் ஒன்று போதுமா?

ஆங்கிலத்திலே ‘றெக்கோட்’, ‘றெஜிஸ்டர்’, ‘றோல்’, ‘லிஸ்ட்’, ‘கட்டலொக்’, ‘இன்டெக்ஸ்’, ‘இன்வென்டறி’, ‘ஷெடியூல்’, ‘பைல்’, ‘லேபிள்’ என ஒரு சொற்குடும்பம் உண்டு. பொருள்களையும் பெயர்களையும் எழுதி வைத்தல், நிரல்படுத்தல், அடையாளமிடல் ஆகிய தொழில்களைக் குறிப்பன அவை. அவற்றைத் தமிழில் எழுத நேரும்போது நம்மவருட் பலர் இரண்டு சொற்களோடு அமைந்துவிடுகின்றனர். எழுதி வைத்தது எதுவாயினும் ‘பதிவு’. வரிசையாய் நிற்பது எதுவாயினும் ‘பட்டியல்’. உளியையும் வாளையும் இழைப்புளியையும் ஒரே பெயரால் அழைக்கும் தச்சன் பட்டறையில் வேலை எங்ஙனம் நடைபெறும்?

அரசாங்க மொழிபெயர்ப்பாளராய் அலுவல் பார்க்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர், “ஐயா, இவற்றுக்குத் தமிழிலே தனித்தனிச் சொற்கள் இல்லையா?” என்று வினவினார். உள என்றேன். ஆயின், அவற்றைக் காண்பதற்கு முதற்கண் ஆங்கிலச் சொற்களின் வேரை அகழ்ந்து பார்த்தல் வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கையின் தொழில் மறைந்து கிடக்கின்றது.

‘பைல்’ என்னுஞ் சொல் நூலிழையைக் குறிக்கும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தாள்களை ஒரு நூலிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிடுவது முற்கால எழுதுவினைஞர் வழக்கு. நம் முன்னோரும் பனையேடுகளைத் துளையிட்டுக் கயிற்றிலே கோத்தனர். ஆதலின், இலங்கை அலுவலகங்களில் இதற்கு வழங்கும் ‘கோவை’ என்னுஞ் சொல் மிகப் பொருத்தமானது. கோத்தது கோவை. இன்று கணினித் திரையிலே துளையுமில்லை, கயிறுமில்லை. எனினும் ஆங்கிலேயன் அந்த இழையை விட்டானல்லன். நாம் மட்டும் கோவையை ஏன் கைவிடல் வேண்டும்?

‘இன்டெக்ஸ்’ என்பது இலத்தீனிலே சுட்டிக் காட்டுவது எனப் பொருள்படும். சுட்டுவிரலுக்கும் அதுவே பெயர். அ, இ, உ என்பவற்றைச் சுட்டெழுத்து என்று கற்பிக்கும் இலக்கணம் உடையோர்க்கு ‘சுட்டி’ என்ற சொல்லைத் தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை. நூலின் இன்ன பக்கத்திலே இன்ன பொருள் உண்டென விரல் நீட்டுவதே சுட்டியின் தொழில்.

‘றெக்கோட்’ என்பதன் அடி இலத்தீனில் நெஞ்சத்தைக் குறிக்கும் ‘கோர்’. போனதை மீண்டும் நெஞ்சுக்குக் கொணர்தல் என்பதே அதன் முதற்பொருள். நம்மிடையே வழங்கும் ‘அட்டவணை’ மராத்தியிலிருந்து வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். அம்மொழியில் அதன் மூலச்சொல்லுக்கு நினைவு என்பது பொருள். எழுதி வைப்பது மறதிக்கு அஞ்சியே என்பதனை இரு வேறு நாட்டாரும் உணர்ந்திருந்தமை காண்க.

‘லிஸ்ட்’ முதலில் துணியின் ஓரக்கீற்றையும், பின்னர் பெயர் எழுதிய தாட்கீற்றையும் குறித்தது. நம் ‘பட்டியல்’ என்பதில் நிற்கும் ‘பட்டி’யும் நீண்ட துணிக்கீற்றுக்குப் பெயராதல் கருதத்தக்கது. ‘றோல்’ என்பது சுருள். தோற்சுருளிற் பெயர் எழுதிய காலத்துச் சொல் அது. இங்கிலாந்தின் உயர்நீதிபதி ஒருவர் இன்றும் ‘சுருள்களின் தலைவர்’ என்னும் பொருளுடைய பட்டப்பெயரால் அழைக்கப்படுகின்றார். ‘ஷெடியூல்’ சிறு தாட்டுண்டு. பெரிய பத்திரத்தின் இறுதியில் இணைக்கப்படுவது. நம் காணி உறுதிகளின் கடையிலே பரப்பும் நான்கெல்லையும் சொல்லும் பகுதி அதுவே.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி இன்பம் மாத்திரந்தானே என நேயர்கள் கருதலாம். அன்று. சொல் மயங்கினாற் பொருளும் மயங்கும். பொருள் மயங்கினால் உடைமையும் மயங்கும். ‘பதிவு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலங்கையிலே 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி காணிப் பதிவகத்திற் பதியப்படுவது உறுதி என்னும் ஆவணமேயாம். எழுதிக்கொடுத்தவனுக்கு அக்காணியில் உரிமை இருந்ததா என்பதனை அப்பதிவு உறுதிப்படுத்துவதில்லை. 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமோ உரிமையையே ஆராய்ந்து பதிவதற்கு வழிவகுத்தது. முன்னது ஆவணப் பதிவு; பின்னது உரித்துப் பதிவு. இரண்டையும் வெறுமனே ‘பதிவு’ என்று சொல்லி, “காணி பதிந்தாயிற்று, இனி அச்சமில்லை” என்றிருப்போர் பலர். அடைசொல் ஒன்றை விட்டமையால் விளையும் மயக்கம் இது.

‘இடாப்பு’ என்பதையும் நோக்குக. ஆசிரியர் வகுப்பிலே கூப்பிடுவது இடாப்பு. தேர்தலுக்கு உரியது வாக்காளர் இடாப்பு. அதிகாரமுடையார் ஒருவர் பேணி, அதிற் பெயர் இருத்தலே ஓர் உரிமைக்குச் சான்றாவது இடாப்பின் இலக்கணம். பட்டியலை யாவரும் எழுதலாம். அதிற் பெயர் இருப்பதால் வாக்குரிமை வாராது. ‘றெஜிஸ்டர்’ என்பதற்கும் ‘லிஸ்ட்’ என்பதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை ஈழத்து வழக்கு தெளிவாகவே பேணி வந்திருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்துக் காணிக்கணக்கைக் குறிக்கும் ‘தோம்பு’ என்னும் சொல் போர்த்துக்கேயத்திலிருந்து வந்ததாயினும், அதுவும் நமக்கு உரியதாயிற்று. பொருளோடு கூட வந்த சொல்லை ஏற்றுக்கொள்ளுதல் இழுக்கன்று. இருக்கின்ற சொல்லை மறந்து திரிதலே இழுக்கு.

‘இன்வென்டறி’ என்பதன் அடி ‘கண்டெடுத்தல்’. ஒருவர் இறந்தபின் அவர் வீட்டிற் காணப்பட்ட பொருள்களை எண்ணி எழுதுவது அது. இருந்திருக்க வேண்டியவற்றை அன்று, இருக்கக் கண்டவற்றையே எழுதுதல் வேண்டும். எனவே ‘இருப்புக் கணக்கு’ என்பது தகும்.

‘கட்டலொக்’ இவை எல்லாவற்றினும் உயர்ந்த தொழில். தெரிந்தெடுத்து முற்ற எண்ணுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. கி.மு. 3 ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் கலிமாக்கஸ் என்னும் புலவர் 120 சுருள்களில் நூல்விவரம் தொகுத்தார். ஆசிரியர் யார், நூலின் தொடக்கச் சொற்கள் யாவை, வரிகள் எத்துணை என்பன அதில் இடம்பெற்றன. செய்யுள் முதற்குறிப்பகராதி வகுக்கும் நமக்கு இம்முறை புதிதன்று. தமிழ் அச்சு நூல்களுக்கு யோன் மேர்டொக் 1865 இல் வகைப்படுத்திய விவரநூல் வெளியிட்டார். பிரித்தானிய நூதனசாலையிலிருந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி. யு. போப்பும் 1909 இல் அவ்வாறே செய்தனர். சீகாழியிற் பிறந்த இரங்கநாதன் இத்தொழிலுக்கென ஒரு விதிநூலே 1934 இல் வகுத்தார். இத்துணை உழைப்பையும் ‘பட்டியல்’ என்ற தனிச்சொல்லில் அடைத்தல் ஆகுமா? ‘விவரப் பட்டியல்’ என்றாவது சொல்லுதல் வேண்டும்.

‘லேபிள்’ பழம் பிரெஞ்சிலே நாடா. ‘சுட்டுத்துண்டு’ என்பது நம் நாட்டுக் கலைச்சொல். சிறிய பொருளாயினும் இதன் பெருமை பெரிது. பண்டைக் கிரேக்கர் சுருள்களின் நுனியிலே நூற்பெயர் எழுதிய தோற்றுண்டு ஒன்றைத் தொங்கவிட்டனர். அதன் பெயரைப் பிற்காலத்தார் சிசரோவின் கடிதங்களிலே பிழைபடப் படித்தமையால் உண்டானதே ‘சிலபஸ்’ என்னுஞ் சொல் என்பர். ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் சுமக்கும் பாடவிதானம் ஒரு சுட்டுத்துண்டின் திரிபு!

இனி, இவ்வேறுபாடுகள் நம் வீடுகளில் எவ்வாறு பயன்படும் என்பதைச் சொல்லுகின்றேன். பழைய பெட்டகங்களில் இன்னும் ஏட்டுச்சுவடிகளும், மருத்துவக் குறிப்புகளும், உறுதிகளும் கிடக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். அந்நெருப்புக்கு இரையானவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. தீயும் கறையானும் போரும் கொண்டவை கொண்டவையே. ஆயினும், பெயரும் விவரமும் வேறோரிடத்தில் எழுதப்பட்ட சுவடி அழிந்தால், அழிந்தது இன்னதென்றாவது அறிவோம். மற்றொரு படி எங்கேனும் உண்டா எனத் தேடுவோம். எழுதப்படாத சுவடி அழிந்தாலோ, இழந்தோம் என்பதும் நமக்குத் தெரியாது.

ஆகவே பெட்டகத்தைத் திறப்போர் முறையறிந்து செய்க. முதலில் இருப்பதை இருந்தவாறே எண்ணி இருப்புக் கணக்கு எழுதுக. ஒவ்வொரு கட்டுக்கும் இலக்கமிட்ட சுட்டுத்துண்டு கட்டுக. பின்னர் அறிந்தவரைக் கொண்டு நூற்பெயர், ஆசிரியர், முதற்குறிப்பு, ஏட்டுத்தொகை என்பவற்றை விவரப் பட்டியலாக்குக. தாள்களைக் கோவைகளாகக் கோத்து வைக்க. எது எங்கே உள்ளதெனக் காட்டும் சுட்டி ஒன்று இறுதியில் அமைக்க. பட்டியலின் படி ஒன்றை உறவினர் வீட்டிலோ நூலகத்திலோ ஒப்படைக்க மறவாதீர்கள். கணக்கு எழுதியவன் விவரம் எழுதினான் ஆகான். விவரம் எழுதியவனும் துண்டு கட்டாதொழிந்தால் தேடுவோன் கைக்குச் சுவடி எட்டாது. தொழில்கள் ஐந்தாதலின் அவற்றுக்குச் சொற்களும் ஐந்து வேண்டும்.