அவையும் அளவுகோலும் – 9: பிரம்பு யார் கையில்?

2023 டிசம்பர் 14 அன்று மக்களவையில் இடைநீக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியலில் சேலம் தி.மு.க. உறுப்பினர் எஸ்.ஆர்.பார்த்திபனின் பெயரும் இருந்தது. அன்று அவர் அவையிலேயே இல்லை. பிறகு, ஆளை அடையாளம் கண்டதில் பிழை நேர்ந்துவிட்டது என்று அமைச்சர் பிரகலாத் ஜோஷி விளக்கம் சொல்ல, அவர் பெயர் நீக்கப்பட்டது. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பிழை எந்த இடத்தில் பிடிபட்டிருக்க வேண்டும் என்று யோசித்தால் வேடிக்கை குறைந்துவிடும். அவைத் தலைவர் பெயர்களைச் சொல்கிறார், அமைச்சர் எழுந்து இடைநீக்கத் தீர்மானத்தை முன்மொழிகிறார், ஆளுங்கட்சி வரிசைகளிலிருந்து ‘ஆம்’ என்ற குரல்கள் எழுகின்றன, தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. நீ என்ன செய்தாய் என்று உறுப்பினரிடம் கேட்கும் கட்டம் இந்த வரிசையில் எங்கும் கிடையாது. கேட்டிருந்தால், கேட்கப்படும் ஆள் அங்கே இல்லை என்பதாவது தெரிந்திருக்கும்.

அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில் மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46 என மொத்தம் 146 பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அத்தனை பேரும் எதிர்க்கட்சியினர். டிசம்பர் 13-ல் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்துப் புகைக் குப்பி வீசியது பற்றி உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. பதாகை பிடித்தார்கள், அவை நடுவே வந்தார்கள், கோஷமிட்டார்கள். இவை விதிமீறல்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், அவர்கள் இல்லாத அவையில்தான் மூன்று புதிய குற்றவியல் சட்ட மசோதாக்களும் டிசம்பர் 20-ல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு விடைகொடுத்த விவாதம் அது.

இனி அதே மக்களவையில் மூன்று மாதங்கள் பின்னோக்கிப் போவோம். 2023 செப்டம்பர் 21. சந்திரயான்-3 வெற்றி பற்றிய விவாதம் நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பா.ஜ.க. உறுப்பினர் ரமேஷ் பிதூரி, பகுஜன் சமாஜ் உறுப்பினர் டேனிஷ் அலியைப் பார்த்து மதத்தைச் சுட்டி வீசிய வசைகளை இங்கே அச்சிட முடியாது. அவைக்குறிப்பிலிருந்து அவை நீக்கப்பட்டன. ராஜ்நாத் சிங் வருத்தம் தெரிவித்தார். அவைத் தலைவர் ஓம் பிர்லா பிதூரியை எச்சரித்தார். புகார்கள் உரிமைக் குழுவுக்குப் போயின. பிதூரி ஒரு நாள்கூட இடைநீக்கம் செய்யப்படவில்லை. குழு விசாரித்து முடிக்கட்டும் என்ற அந்தப் பொறுமையை நான் குறைசொல்ல மாட்டேன். விசாரணைக்குப் பிறகு தண்டனை என்பதுதான் முறை. பதாகைக்குத் தண்டனை முதலில், வசைக்கு விசாரணை முதலில் என்று முறை ஆளுக்கு ஆள் மாறியதுதான் கோளாறு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அமளி எதிர்க்கட்சியின் ஆயுதம். ஆளுங்கட்சிக்குச் சட்டம் இயற்றும் பெரும்பான்மை இருக்கும்போது அது ஏன் கூச்சல் போடப்போகிறது? கூச்சல் போடுகிறவர்தானே தண்டனை வாங்குவார்? நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், 2023 மார்ச்சில் நிதிநிலைக் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி தொடங்கியதும், ராகுல் காந்தி லண்டனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முழங்கி அவையை நடக்கவிடாமல் செய்ததில் ஆளுங்கட்சி வரிசைகளுக்கும் பங்கு உண்டு. எதிரே அதானி விவகாரத்துக்காக எதிர்க்கட்சிகளும் முழங்கின. நாள்தோறும் அவை ஒத்திவைக்கப்பட்டது. ஆளுங்கட்சியில் யார் பெயரும் வாசிக்கப்படவில்லை. சொந்தக் கட்சியினர் மீது பிரம்பு விழுந்த காலமே இல்லையா என்றால், உண்டு. 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதா தாக்கலானபோது மிளகுத் தூள் தெளிக்கப்பட்ட நாளில், ஆளும் காங்கிரஸ் சின்னத்தில் வென்று வந்த ஆந்திர உறுப்பினர்களையும் மீரா குமார் இடைநீக்கம் செய்தார். அன்று அவர்கள் தங்கள் அரசின் மசோதாவையே எதிர்த்து நின்றவர்கள். கட்சிச் சின்னத்தைவிட, அரசுக்கு நீ இடைஞ்சலா என்பதே அங்கும் எடை போடப்பட்டது.

இது ஒரு கட்சியின் குணம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நானூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு காங்கிரஸ் ஆண்ட 1989 மார்ச்சில், இந்திரா காந்தி படுகொலை பற்றிய தக்கர் ஆணைய அறிக்கைக்காகக் குரல் எழுப்பிய 63 பேர் ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டார்கள். சென்னையில் 2016 ஆகஸ்டில் தி.மு.க.வின் 79 பேரை ஒரு வாரத்துக்கு விலக்கியபோது பேரவைத் தலைவர் ப.தனபால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளைப் பேச வேண்டும் என்ற அ.தி.மு.க.வினரைக் கூட்டத்தொடர் முழுதும் விலக்கியபோது மு.அப்பாவு. நாற்காலியில் ஆள் மாறியது. வெளியே நின்ற கரைவேட்டியின் நிறமும் மாறியது.

2015-ல் தே.மு.தி.க. உறுப்பினர்கள் ஆறு பேருக்கு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 19-ல் நடந்த அமளிக்காக, அடுத்த கூட்டத்தொடரில் பத்து நாட்கள் விலக்கு. அந்தக் காலத்துக்கு ஊதியமும் சலுகைகளும் கிடையாது. உரிமைக் குழு அவர்களை அடையாளம் கண்டது அவையின் வீடியோ பதிவைப் பார்த்து. அந்தப் பதிவு மட்டும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. ஆளுக்கே தெரியாத சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதியது போல. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவையின் அதிகாரத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆதாரத்தைக் காட்டாமல் தண்டித்தது சமத்துவ உரிமைக்கு விரோதம் என்றது.

அவை இறையாண்மை கொண்டது, அதன் நடவடிக்கையில் நீதிமன்றம் தலையிடலாமா என்ற கேள்வியும் எழும். நடைமுறைக் குறை என்பதற்காக மட்டும் தலையிட முடியாது. அரசியல் சட்டத்தின் 122, 212 பிரிவுகள் அதைத் தடுக்கின்றன. சட்ட விரோதம் என்றால் தலையிடலாம். மகாராஷ்டிரத்தில் 2021 ஜூலையில் பா.ஜ.க.வின் 12 பேரைச் சிவசேனா, தேசியவாத காங்கிரஸ், காங்கிரஸ் கூட்டணி ஓராண்டுக்கு விலக்கியது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பதவி பறித்தாலாவது இடைத்தேர்தல் வரும். ஓராண்டு இடைநீக்கத்தில் தொகுதிக்குப் பேச ஆளும் இல்லை, வேறு ஆளைத் தேர்ந்தெடுக்க வழியும் இல்லை. மெல்லிய பெரும்பான்மையில் ஓடும் அரசுகள் எண்ணிக்கையைச் சரிக்கட்டவும் இதைப் பயன்படுத்தலாம் என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் வென்ற கட்சியின் அரசுதான் அடுத்த ஆண்டு டிசம்பரில் 146 பேரை அனுப்பியது.

‘அவை பற்றி எரியும்போது விசாரணை நடத்திக்கொண்டிருக்க முடியுமா?’ என்பார்கள். வேண்டியதில்லை. மக்களவை விதி 373-ன்படி, ஒழுங்கு மீறுபவரை அன்றைய தினம் முழுதும் வெளியே இருக்கச் சொல்ல அவைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு, வாக்கெடுப்பே தேவையில்லை. அவசரத்துக்கு அது போதும். அதற்கு மேல் போகும் தண்டனைக்குத்தான் வேறு கை வேண்டும். 2001-ல் சேர்க்கப்பட்ட விதி 374ஏ, பெயர் சொல்லப்பட்டவர் தாமாகவே ஐந்து அமர்வுகளுக்கு விலக்கப்படுவார் என்று ஓர் அளவையாவது வைத்தது. 2023-ல் கையாளப்பட்டதோ விதி 374. அதில் கூட்டத்தொடர் முடியும்வரை விலக்கலாம். பிரிட்டனின் மக்கள் சபையில் முதல் முறைக்கு ஐந்து நாள், இரண்டாம் முறைக்கு இருபது நாள் என்று படிக்கட்டு இருக்கிறது. அங்கே அவைத் தலைவரானவர் கட்சியை விட்டும் விலகிவிடுகிறார். இங்கே சஞ்சீவ ரெட்டி 1967-ல் அதைச் செய்தார். அப்படி விலகுபவருக்குக் கட்சித் தாவல் சட்டம் விலக்கே தருகிறது. கதவு திறந்துதான் கிடக்கிறது. கதவை யாரும் நாடாதவரை ஒரு சிறிய ஏற்பாடு செய்யலாம். பொதுக் கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சிக்குத் தருவது 1967 முதல் மரபு. ஒரு நாளுக்கு மேற்பட்ட தண்டனையைப் பரிந்துரைக்கும் குழுவுக்கும் அதே மரபை நீட்டி, வீடியோ பதிவைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் போட்டுக்காட்டினால் போதும்.

2025 மார்ச்சில் கர்நாடகப் பேரவையில் காகிதங்களைக் கிழித்து அவைத் தலைவர் இருக்கை மீது வீசிய பா.ஜ.க.வினர் 18 பேரை அவைத் தலைவர் யு.டி.காதர் ஆறு மாதங்களுக்கு இடைநீக்கம் செய்தார். மகாராஷ்டிரத் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே ஆள்வது காங்கிரஸ். மே மாதம் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.