புற வன்தட்டில் இரண்டாம் இயங்குதளம்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த தீவு பாராடாங். சேற்று எரிமலையாலும் சுண்ணாம்புக் குகைகளாலும் பெயர் பெற்றது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து தரைவழியே இங்கு வருவோர், ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தினூடே குறித்த நேரங்களில் அணியாகச் செல்லும் வண்டிகளில் வந்து, பின்னர் நீரிணையைப் படகில் கடத்தல் வேண்டும். இத்தகைய இடத்தில் பள்ளியிலோ களநிலையத்திலோ உள்ள ஒரே கணிப்பொறி தொடங்க மறுப்பின், பழுது பார்ப்பவரை வரவழைப்பது எளிதன்று. ஆதலின், அதில் இரண்டாம் இயங்குதளம் நிறுவ விழைவோர் அச்செயலின் தன்மையை முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இதன் தேவை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் வன்பொருள் பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. எனினும் அவை உழைக்கும் நிலையிலேயே உள்ளன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ போன்ற கட்டணமற்ற இயங்குதளங்கள் இத்தகைய பொறிகளுக்கு ஏற்றவை. அவற்றைப் புற வன்தட்டில் நிறுவினால், உட்தட்டிலுள்ள பழைய அமைப்பையும் பதிவேடுகளையும் தொடாமலே இரண்டையும் பயன்படுத்தலாம்.

பொறி தொடங்கும் முறை

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது பொறியின் நிலைபொருள். இக்காலப் பொறிகளில் அது யூ.ஈ.எஃப்.ஐ. எனப்படும். அது தட்டிலுள்ள சிறியதொரு தொடக்கப் பகுதியை நாடி, அங்குள்ள தொடக்கி என்னும் நிரலை இயக்கும். தொடக்கி இயங்குதளத்தை எழுப்பும். இங்கேதான் தவறு நேர்கிறது. நிறுவும் நிரல்கள் பல, இயங்குதளத்தைப் புறத்தட்டில் வைத்தபின், தொடக்கியை மட்டும் உட்தட்டின் தொடக்கப் பகுதியில் எழுதிவிடுகின்றன. தொடக்கி நாடும் எஞ்சிய கோப்புகளோ புறத்தட்டில் உள்ளன. வீட்டு வாயிற்காவலன், அடுத்த வீட்டிலுள்ள ஏட்டைப் பார்த்தே கதவைத் திறப்பான் எனின் என்னாகும்? புறத்தட்டைக் கழற்றியதும் திரையில் வெறும் கட்டளைக் குறியே நிற்கும்; விண்டோஸும் தானாகத் தொடங்காது.

இந்நிலை நேரின் அஞ்ச வேண்டுவதில்லை, பதிவேடுகள் அழிந்தில. பொறியின் தொடக்கப் பட்டியலைத் திறந்து, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதைத் தேர்ந்தால் பழைய அமைப்பு பெரும்பாலும் எழும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

1. முதலில் முக்கியப் பதிவேடுகளை வேறொரு தட்டில் படியெடுத்தல் வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைத் தாளில் குறித்து வைத்தல் வேண்டும்.

2. நிறுவும் நிரலுக்கு ஒரு பென் டிரைவ், இயங்குதளம் அமர்வதற்குப் புறத்தட்டு என இரு கருவிகள் தேவை.

3. நிறுவுமுன் உட்தட்டின் இணைப்பைக் கழற்றிவிடுதல், அல்லது நிலைபொருள் அமைப்பில் அதனை முடக்குதல், தலைசிறந்த காப்பாகும். காணாத தட்டில் எந்நிரலும் எழுத இயலாது.

4. அது இயலாவிடின், தட்டின் கொள்ளளவை நோக்கிப் புறத்தட்டை ஐயமற அடையாளம் கண்டு, அதிலேயே தனித் தொடக்கப் பகுதி அமைத்து, தொடக்கியும் அங்கே எழுதப்படுமாறு தேர்தல் வேண்டும்.

5. முடிந்தபின் புறத்தட்டை நீக்கி, பழைய அமைப்புத் தானே தொடங்குகிறதா எனச் சோதித்தல் வேண்டும். இச்சோதனை முடியும்வரை பணி முற்றுப்பெற்றதாகக் கொள்ளலாகாது.

பயன்படுத்துங்கால்

யூ.எஸ்.பி. 2.0 துளையின் பெயரளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட், 3.0 துளையினதோ 5 கிகாபிட். ஆதலின் பின்னதையே நாடுதல் நலம். சுழலும் தட்டினும் திண்மநிலைத் தட்டு விரைவும் அதிர்ச்சி தாங்கும் வன்மையும் உடையது. அமைப்பு இயங்குங்கால் புறத்தட்டைப் பிடுங்குதல் கோப்புகளைச் சிதைக்கும். முறைப்படி நிறுத்திய பின்னரே கழற்றுதல் வேண்டும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் இணைப்பு முனைகளை அரிக்குமாதலின், பயன்படுத்தாத வேளையில் தட்டை மூடிய பெட்டியில் உலர வைத்தல் நன்று.

தொலைவிடங்களில் பணிபுரிவோர்க்கு இம்முறையின் பயன் பெரிது. பழைய பொறி வீணாவதில்லை; உள்ளே பிழை நேரினும், புறத்தட்டிலிருந்து பொறியைத் தொடங்கிப் பதிவேடுகளை மீட்க வழியுண்டு.