ஊர் திரும்பியவரின் விசா: நாகலாபுரம், அன்றும் இன்றும்

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க விரும்பும் வெளிநாட்டவருக்கென்றே தனி விசா உண்டு. வயது ஐம்பது ஆகியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாத் இருப்பு இருந்தால் ஓராண்டு தங்கலாம். ஆண்டு முடிந்ததும் மறுபடி நீட்டிக்க வேண்டும். இடையில் 90 நாளுக்கொரு முறை இருப்பிடத்தையும் தெரிவிக்க வேண்டும். மலேசியாவும் இலங்கையும் இதுபோன்ற திட்டங்களை வைத்திருக்கின்றன. இந்தியாவில் அப்படி ஒரு விசா கிடையாது. ஆனாலும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு முதுமையை இங்கே கழிக்க வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பிழைக்கப் போன நாட்டில் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

ஊத்துக்கோட்டையைத் தாண்டிப் புத்தூர், திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாளின் பெயரை இந்த ஊருக்கு வைத்தார் என்பார்கள். மச்ச அவதாரத்தில் பெருமாள் நிற்கும் வேதநாராயணர் கோயில் இங்கேதான். பங்குனி வாக்கில் சில நாட்கள் மாலை வெயில் கருவறை வரை போய் மூலவர் மீது விழுவதைப் பார்க்க வெளியூர்க் கூட்டமும் வந்து சேரும். ஆந்திரப் பக்கத்து எல்லையோர ஊர் என்பதால் பல வீடுகளில் பேச்சு தமிழ், அரசாங்கக் காகிதம் தெலுங்கு. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, வெளிநாட்டில் உழைத்து ஓய்ந்தவருக்குக் கடைசிக்காலத்தில் ஊர் நினைப்பு வருவது இயல்பு. வந்தவரை அன்றைய சட்டம் எப்படி நடத்தியது?

வேற்று நாட்டாராகத்தான் நடத்தியது. 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டமும் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமும், இதே ஊரில் தவழ்ந்தவரையும் முதன்முதலாக இந்தியாவுக்கு வரும் அயல்நாட்டவரையும் ஒரே கண்ணால் பார்த்தன. பூர்விகம் இந்தியா என்று காட்டினால் ‘எக்ஸ்’ எனப்படும் நுழைவு விசா கிடைக்கும். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து இறங்கிய 14 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். மாவட்டங்களில் அந்தப் பதிவு அதிகாரி காவல் கண்காணிப்பாளர்தான். சென்னை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் நாகலாபுரத்தில் குடியிருப்பவருக்கு அங்கே வேலை நடக்காது, மாநிலம் வேறு. மலைகளைச் சுற்றிக்கொண்டு சித்தூர் எஸ்.பி. ஆபீஸுக்குத்தான் போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் நகல், புகைப்படங்கள், தங்கும் வீட்டுக்கு அத்தாட்சி, செலவுக்குப் பணம் உண்டு என்பதற்கு ஆதாரம் எல்லாம் கொண்டுபோக வேண்டும். விசாக் காலம் முடியும் முன்பே நீட்டிப்புக்கு மறுபடி மனு. வீடு மாறினால் அதையும் எழுதித் தர வேண்டும். சொந்த அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர், தாம் அங்கே இருப்பதற்கு ஆண்டுதோறும் அனுமதி கேட்டு நிற்பது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. பாதுகாப்புக்குக் கணக்கு வேண்டும் என்பது நியாயம்தான். அதற்காக முதியவர்களைப் பஸ் ஏற்றி அலையவிட்டிருக்க வேண்டியதில்லை.

இந்தியப் பூர்விகத்தவருக்கென 1999இல் வந்த பி.ஐ.ஓ. கார்டு பாதிக் கதவைத் திறந்தது. முதலில் அதன் கட்டணம் 1,000 டாலர். 2002இல் அதை 310 டாலராகக் குறைத்து, 15 ஆண்டு செல்லும்படி செய்தார்கள். வந்து போகிறவருக்கு அது வசதி. ஊரோடு தங்க வந்தவருக்கு அவ்வளவு பயனில்லை. தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருந்தால் பதிவு செய்யத்தான் வேண்டியிருந்தது.

உண்மையான மாற்றம் ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ எனப்படும் ஓ.சி.ஐ. கார்டோடு வந்தது. 2005 இறுதியில் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்தை 2006 ஜனவரியில் ஹைதராபாத்தில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் மாநாட்டில் தொடங்கிவைத்தார்கள். ஆயுள் முழுவதற்கும் ஒரே விசா. எத்தனை வருடம் தங்கினாலும் போலீசில் பதிவு இல்லை. 2015 ஜனவரி 9 முதல் பழைய பி.ஐ.ஓ. கார்டுகளும் ஓ.சி.ஐ.யாகவே கருதப்பட்டன. சித்தூர்ப் பயணம் இவர்களுக்கு அத்தோடு ஒழிந்தது. ஓ.சி.ஐ. இல்லாமல் சாதாரண விசாவில் இருப்பவர்களுக்கும் 2018 முதல் இணையவழிப் பதிவும் நீட்டிப்பும் வந்துவிட்டன. 1939, 1946ஆம் ஆண்டுகளின் அந்த இரண்டு பழைய சட்டங்களுமே 2025 செப்டம்பர் 1 முதல் இல்லை. அவற்றின் இடத்தில் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 இருக்கிறது.

இன்னும் தீராதது நிலம். நாகலாபுரம் நெல்லும் வேர்க்கடலையும் மாவும் விளையும் வட்டாரம். ஊர் திரும்புகிறவருக்குக் கிணற்றோடு ஓர் ஏக்கர் வாங்கிப் பயிர் வைக்க ஆசை வரும். ஓ.சி.ஐ. கார்டில் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம்; விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. அப்பா விட்டுப்போனது வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடை இருப்பது நல்லது என்பதே என் கருத்து. பக்கத்துச் சத்தியவேடு வட்டாரத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்த பிறகு நிலத்துக்கு ஏறிய மவுசு ஊரறிந்தது. அதற்கு மேல் டாலரும் இறங்கினால் குத்தகைக்கு உழுகிறவர் என்றைக்கு ஒரு காணி வாங்குவார்? நிலமும் ஓட்டும் வேண்டும் என்பவருக்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. ஓ.சி.ஐ.யாகி ஐந்து ஆண்டு ஆகி, விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இங்கே குடியிருந்தால் இந்தியக் குடியுரிமைக்கே மனு போடலாம். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டில் மணந்த துணையையும் அழைத்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பூர்விகம் இல்லாத கணவனோ மனைவியோ ஓ.சி.ஐ. பெற, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். அதுவரை அவருக்கு விசா நீட்டிப்பு உண்டு.

ஆயுள் விசா என்றதும் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் விதி எளிதாயிற்று. இருபது வயதுக்குப் பிறகு ஓ.சி.ஐ. எடுத்தவர் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் புதுக் கார்டு வாங்க வேண்டாம். ஐம்பது வயது முடிந்தபின் புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் அதன் நகலையும் புதுப் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை இணையத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. ஓ.சி.ஐ. வைத்திருப்பவரின் ஆதார் பத்து ஆண்டுதான் செல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இப்படித் திரும்பி வந்த பெரியவர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையை முடித்துக் கொடுங்கள்.