கதையைச் சொல்வது யார்?

பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு நாவலைப் பாடமாக வைத்தால், தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் கதைச்சுருக்கம், தலைமை மாந்தர், கதைக்கரு ஆகிய மூன்றையே சுற்றிச் சுற்றி வருகின்றன. கதையைச் சொல்வது யார் என்ற கேள்வி எப்போதாவதுதான் எழுகிறது. அதே மாணவர் குறுந்தொகைப் பாட்டை எடுத்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்: தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் அவற்றோடு சேர்த்தே எண்ணுகிறது. பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று தெரிந்துகொண்டுதான் நம் முன்னோர் அகப்பாட்டுக்குப் பொருள் சொன்னார்கள். நாவலுக்கு வந்ததும் அந்தப் பழக்கம் நம்மைவிட்டுப் போய்விடுகிறது. இலக்கியக் கலைச்சொற்களில் ஒன்றை மட்டும் ஊன்றிக் கற்க நேரம் இருக்கிறது என்றால், அது ‘கதைசொல்லி’யாக இருக்கட்டும் என்பேன். பார்வைக்கோணம், முரண், குறியீடு எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே விளங்கும்.

வேலூர் வட்டாரத்து நாவல் ஒன்று இதற்கு நல்ல சான்று. வேலம் கிராமத்தில் வளர்ந்து, திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்த மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’, 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். வாலாஜாபேட்டையில் பழகத் தொடங்கும் இரண்டு நண்பர்களின் கதை அது. சந்திரன் அறிவும் அழகும் மிக்கவன், பின்னால் சீரழிகிறவன். வேலய்யன் சாதாரண மாணவன், நிதானமாக வாழ்ந்து நிலைக்கிறவன். இவ்வளவையும் எந்தக் கதைச்சுருக்கமும் சொல்லிவிடும். ஆனால் கதை முழுவதையும் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு போகிறவன் வேலய்யன். சந்திரனின் மனத்துக்குள் நாம் நேராக நுழைவதே இல்லை. நண்பன் கண்டதும் கேட்டதும் ஊகித்ததும்தான் நமக்குக் கிடைக்கின்றன. தப்பிப் பிழைத்தவன் வீழ்ந்தவனைப் பற்றிச் சொல்லும் கதை இது. சந்திரனே சொல்லியிருந்தால் அதே சம்பவங்கள் வேறு நாவலாகியிருக்கும். ‘மு.வ. அறம் சொல்ல வந்தவர், வேலய்யன் அவருடைய குரல்தானே’ என்று கேட்கலாம். இருக்கட்டும். ஆசிரியர் தன் அறத்தைத் தன் பெயரில் சொல்லாமல், நண்பனைக் காப்பாற்ற முடியாமல் போன ஒருவன் வாயில் வைத்தாரே, அந்தத் தேர்வுதான் கலை. அறிவுரையாகக் காதில் விழ வேண்டியது அங்கே துயரமாக வந்து சேர்கிறது.

இன்னும் கிட்டத்தில் பார்க்க, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் நடப்பதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். மேல்தோல் தைக்கும் பெண் ஒருத்தி ஒரு தையலைத் தவறவிடுகிறாள். அவளே சொன்னால்: ‘நேத்து ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல். கண்ணு சொக்கிடுச்சு.’ சூப்பர்வைசர் சொன்னால்: ‘இன்னைக்கு அந்த லைன்ல ஒரு ஜோடி ரிஜெக்ட்.’ யாருடைய பக்கமும் சாயாத படர்க்கைக் குரல் சொன்னால்: ‘ஊசி ஒரு துளை தள்ளி இறங்கியது. மிஷின் நின்றது. அவள் நிமிரவில்லை.’ நிகழ்ச்சி ஒன்றுதான். முதலாவதில் குழந்தை இருக்கிறது, இரண்டாவதில் ஆளே இல்லை. மூன்றாவதில் காரணத்தைத் தேடும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. பார்வைக்கோணத்துக்கு இலக்கணம் எழுதி மனப்பாடம் செய்வதைவிட, இப்படி ஒரு காட்சியை மூன்று வாயால் சொல்லிப் பார்ப்பது மாணவருக்கு அதிகம் பயன்படும்.

கலைச்சொல்லை வைத்துக்கொண்டு படித்தால் ரசனை செத்துவிடும் என்று வருந்துபவர்கள் உண்டு. சொல்லைக் கதைமேல் பெயர்ச்சீட்டு போல ஒட்டிவிட்டு நகர்ந்தால் அது நடக்கத்தான் செய்யும். கேள்வியாகப் பயன்படுத்தினால் நடப்பது வேறு. முரணை எடுத்துக்கொள்ளுங்கள்; ‘அகல் விளக்கி’ல் வேலய்யன் பாலாற்றைச் சொல்லும் இடத்தையே பாருங்கள். பாலாற்றுப் படுகையைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பாழாக்குவது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். 1950களில் எழுதப்பட்ட நாவலின் வேலய்யனுக்கு அது தெரிய வழியே இல்லை. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ இருந்து இன்று படிக்கும் மாணவருக்குத் தெரியும். கதைசொல்லி அறியாததை வாசகர் அறிந்திருக்கும் அந்த இடைவெளியில் பாலாறு என்ற பெயரே கனத்துவிடுகிறது. இங்கே கலைச்சொல் எந்த ரசனையைக் கொன்றது?

குறியீட்டில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். புதுக்கவிதையில் குறியீடு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அவ்வளவு உழைப்பைக் கேட்கும் ஒரு விஷயத்தை, ‘ஒன்று மற்றொன்றைக் குறிப்பது’ என்ற ஒரே வரியில் நாம் முடித்துவிடுகிறோம். பிறகு மாணவர் கதையில் வரும் காகம், மழை, செருப்பு எல்லாவற்றையும் குறியீடு என்று எழுதுகிறார். டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றியது; 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்தத் தலைப்பைக் குறியீடாக வாசிக்க இடமுண்டு: சுண்ணாம்புக் குழியில் ஊறுவது மாட்டின் தோல், அதே சுண்ணாம்பு அரிப்பது குழியில் இறங்கிய மனிதரின் தோல். ஆனால் குழியில் நிற்பவருக்கு அது குறியீடாகத் தோன்றாது. அவருக்கு அது எரிச்சல், நாற்றம், அன்றாடக் கூலி. இரண்டு தோலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, குழிக்கு வெளியே நின்று கதையைச் சொல்லும் குரல். அதனால் ‘இது எதன் குறியீடு’ என்று கேட்கும் ஆசிரியர், ‘யாருக்கு’ என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். அப்போது அந்தக் குரலைத் தேடி மாணவர் மறுபடி நாவலைத்தான் திறக்க வேண்டியிருக்கும். நோட்ஸில் அதற்கு விடை கிடைக்காது.