கல்பாக்கம்: எரிபொருள் யார் கையில்?

ஈசிஆர்ல மாமல்லபுரம் தாண்டி தெற்கே பைக்ல போனவங்களுக்கு, இடது பக்கம் கடலோரமா அந்தக் கட்டடங்கள் தெரிஞ்சிருக்கும். கல்பாக்கம். "கரன்ட் எடுக்கிற இடம்"னு சொல்லிட்டுக் கடந்துடுவோம். ஒரு நட்பு நாட்டை நம்பிக் கட்டின விஷயத்துல இருந்து அந்த நாடு திடீர்னு விலகினா என்ன ஆகும்? அதுக்குப் பதில் இந்த வளாகத்துக்குள்ள இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். அணுசக்தியில இந்தியாவுக்கு ஆரம்பத்துல பெரிய துணை கனடா. டிராம்பேல 1960-ல ஓட ஆரம்பிச்ச சைரஸ் உலை அவங்க கொடுத்தது. ராஜஸ்தான் மின் உலைகளும் அவங்க டிசைன்தான். 1974 மே 18-ல பொக்ரான் சோதனை நடந்தது. அதுக்கான புளூட்டோனியம் சைரஸ்ல உருவானது. கனடா விலகிடுச்சு. (அவங்க கோபத்துல நியாயம் இருக்கு. அமைதிக்குன்னுதானே கொடுத்தாங்க.) பாதியில நின்ன ராஜஸ்தான் ரெண்டாவது உலையை நம்ம ஆட்களே முடிச்சாங்க. 1983-ல கல்பாக்கத்தோட முதல் மின் உலையும் இந்தியக் கட்டுமானமாவே வந்தது.

எனக்கு இதைவிட சுவாரஸ்யமானது, அதே வளாகத்துல இருக்கிற சின்ன சோதனை உலை, எஃப்பிடிஆர். பிரான்ஸோட ராப்சோடி உலையைப் பார்த்து, அவங்க ஒத்துழைப்போட திட்டமிட்டது. எரிபொருளுக்கு அதிகம் செறிவூட்டின யுரேனியம் வேணும். பொக்ரானுக்கு அப்புறம் பிரான்ஸ்ல இருந்து அது வரலை. டிசைன் இருக்கு, உள்ள போட எரிபொருள் இல்லை. நம்ம பாஷையில சொன்னா, கோட் ரெடி, ஏபிஐ-யை மூடிட்டாங்க.

கையில இருந்தது புளூட்டோனியம். அதனால புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை உருவாக்கினாங்க. காத்தும் ஈரமும் பட்டா தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. மந்த வாயு நிரப்பின பெட்டிக்குள்ள, கையுறை வழியா கையை விட்டுத்தான் வேலை செய்யணும். முன் அனுபவம் குறைவுங்கிறதால சின்ன மையத்தோட, குறைஞ்ச திறன்ல 1985 அக்டோபர்ல தொடங்கினாங்க. டிசைன் பண்ண 40 மெகாவாட் வெப்பத் திறனைத் தொட்டது 2022 மார்ச்லதான். 36 வருஷத்துக்கு மேல!

தாராப்பூர் வேற வழியில போச்சு. அது அமெரிக்கா கட்டிக் கொடுத்தது. அமெரிக்கா எரிபொருளை நிறுத்தினதும் பிரான்ஸ், அப்புறம் சீனா, அப்புறம் ரஷ்யான்னு வாங்கினோம். உலை நிக்கலை. ஆனா வெளியில இருந்து வாங்குறது மாறலை.

கல்பாக்கம் வழியிலயும் செலவு இருக்கு. இங்க இருக்கிற ரெண்டு மின் உலைகளும் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளிய இருக்கு. அதனால இறக்குமதி யுரேனியத்தை அதுல போட முடியாது. பக்கத்துலயே 500 மெகாவாட் ஈனுலை வேலை 2004-ல தொடங்கி, 2010-ல முடியும்னு சொன்னாங்க. உலை மையத்தை நிரப்ப ஆரம்பிக்கவே 2024 மார்ச் ஆயிடுச்சு. இந்தத் தாமதத்துக்கு 'சுயசார்பு'ன்னு மட்டும் பேர் வெச்சுத் தப்பிக்க முடியாதுன்னு நான் நினைக்கிறேன்.

இதே கடற்கரையோட தென்கோடியில கூடங்குளம். 1988 ஒப்பந்தம், ரஷ்ய டிசைன், எரிபொருளும் அங்கிருந்துதான். கட்டிட்டிருக்கிற 3-லிருந்து 6 வரைக்கும் அதே கதை. கல்பாக்கத்துல கத்துக்கிட்டதை அங்க ஏன் அப்படியே போட முடியலை? அடுத்த எபிசோடுல பேசலாம்.