மலைநாட்டுப் புகையிரதப் பயணம்: எந்த ஊரில் தங்கினால் இலாபம்?

பாடசாலை விடுமுறை நெருங்கினால் எமது வியாபாரிகளின் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "இந்த முறை எங்கே போகிறோம்?" வருடம் முழுவதும் கடையே கதியென்று கிடப்பவனுக்கு மூன்று அல்லது நான்கு நாட்கள்தான் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்துடன் வெளியே போகக் கிடைக்கின்றன. அந்த நான்கு நாட்களையும் எப்படிச் செலவு செய்கிறோம் என்பதில் மட்டும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கட்டுத் துணிக்குப் பத்து ரூபா குறைக்க அரை மணித்தியாலம் பேரம் பேசும் நாம், விடுமுறைக்கு மட்டும் யாரோ சொன்ன ஊரில், யாரோ சொன்ன ஹோட்டலில் போய் இறங்கிவிடுகிறோம்.

நான் கொழும்பில் துணி மொத்த வியாபாரம் செய்பவன். முப்பது வருடங்களுக்கு மேலாக பண்டாரவளை, பதுளைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பி, வசூலுக்காக பதுளைப் புகையிரதத்தில் போய் வந்தவன். பிற்காலத்தில் அதே பாதையில் உம்மாவையும் மனைவி பிள்ளைகளையும், இப்போது பேரப்பிள்ளைகளையும் அழைத்துப் போகிறேன். அந்த அனுபவத்தில் சில விடயங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன்தரும் என நினைக்கிறேன்.

கிட்டங்கிக் கணக்கு

வெளிமாவட்டத்தில் ஒரு கிட்டங்கி போடுவதென்றால் நாம் எந்த ஊரைத் தெரிவு செய்வோம்? அதிகம் பேசப்படும் ஊரையா? இல்லை. நாலா பக்கமும் சரக்கு போகக்கூடிய, வாடகை கட்டுப்படியாகும், ஒரு வழி அடைபட்டால் மறுவழி இருக்கும் ஊரையே பார்ப்போம். விடுமுறையில் தங்கும் ஊரும் அப்படித்தான். பார்க்க வேண்டிய இடமும் படுத்துறங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி நான்கு நாட்களில் மூன்று ஹோட்டல்கள் மாறினார். ஒவ்வொரு நாளும் காலையில் பெட்டி கட்டுவதும், பகல் வரை அடுத்த ஊருக்குப் போவதும், பின்னேரம் அறை கிடைக்கும் வரை காத்திருப்பதுமாக நாட்கள் கழிந்தன. திரும்பி வந்தவர் "மலையைப் பார்த்ததை விட சூட்கேஸைத்தான் அதிகம் பார்த்தேன்" என்றார். ஒரே ஊரில் தங்கி, காலையில் வெறுங்கையுடன் புறப்பட்டு, மாலையில் அதே அறைக்குத் திரும்புவதே குடும்பத்துக்குச் சுகம். முழங்கால் வலியுள்ள வயதானவர்கள் கூட வந்தால் இது இன்னும் முக்கியம். அவர்கள் களைப்பாக இருக்கும் நாளில் அறையில் இருந்துகொள்ளலாம், மற்றவர்கள் போய் வரலாம்.

பாதையை அறிந்துகொள்ளுங்கள்

ஆங்கிலேயர் இந்தப் பாதையை உல்லாசப் பயணிகளுக்காகப் போடவில்லை. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கவே போட்டார்கள். 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை என்று படிப்படியாக ஏறி, 1924இல்தான் பதுளையை அடைந்தது. கோட்டையிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். பட்டிப்பொல நிலையம் 6,200 அடி அளவு உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் அதைவிட உயரமான புகையிரத நிலையம் இல்லை.

பட்டிப்பொலவைத் தாண்டி சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வரும்போது காலநிலையே மாறிவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழையில் ஹற்றன் பக்கம் நனைந்துகொண்டிருக்க, ஊவாப் பக்கம் பெரும்பாலும் வெயில் அடிக்கும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வீசும் காய்ந்த காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனையும் விலையும் கிடைக்கின்றன. ஆகவே ஓகஸ்ட் விடுமுறையில் போகிறவர்கள் சுரங்கத்துக்கு அப்பால் தங்குவது நல்லது. ஆண்டின் கடைசி மாதங்களில் ஊவாவிலும் மழை பலமாக இருக்கும்.

நான்கு ஊர்கள்

நுவரெலியா: குளிரும் பூந்தோட்டமும் வாவியும் உண்டு. ஆனால் புகையிரதம் ஊருக்குள் போவதில்லை. நானுஓயாவில் இறங்கி 8 கிலோமீற்றர் அளவில் வீதியால் போகவேண்டும். தினமும் புகையிரதத்தில் போய் வர நினைப்பவருக்கு, போக ஒரு வாகனம், வர ஒரு வாகனம் என்று செலவு இரட்டிக்கும். ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே அறை தேடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்ல: இன்று உலகம் அறிந்த கிராமம். குட்டி ஆதம் மலை, இராவணன் நீர்வீழ்ச்சி, ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. இளம் வயதினருக்கு ஏற்ற ஊர். ஆனால் கடைவீதி முழுவதும் வெளிநாட்டவரின் பணப்பையை நோக்கியே திறந்திருக்கிறது. ஆறு பேர் கொண்ட குடும்பம் மூன்று வேளையும் அங்கே சாப்பிட்டால் கணக்கு வேறு விதமாகிவிடும். மேலும், இருபுறமும் போய் வரக்கூடிய நடுவூர் அல்ல அது. ஒஹிய, பட்டிப்பொல பக்கம் போக நெடுநேரம் ஆகும்.

பண்டாரவளை: இதுதான் உண்மையான சந்தை நகரம். குளிர் அளவானது. மருந்துக் கடை, வங்கி, மரக்கறிச் சந்தை, எமது மக்களின் சாப்பாட்டுக் கடைகள், பள்ளிவாசல் என எல்லாம் நடக்கும் தூரத்தில் உண்டு. சிறு குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள குடும்பத்துக்கு இதையே சிபாரிசு செய்வேன். குறை என்னவென்றால், அறையின் சாளரத்தைத் திறந்தால் மலைக்குப் பதில் பஸ் நிலையம் தெரியக்கூடும்.

அப்புத்தளை: எனது தெரிவு இதுவே. 4,700 அடியளவு உயரத்தில் ஒரு மலைமுதுகில் அமர்ந்திருக்கும் சிறு நகரம். நிலையம் ஊரின் நடுவில் இருக்கிறது. இறங்கினால் சந்தை, சந்தையைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. வானம் தெளிந்த காலையில் தெற்கே தாழ்நிலம் கடல் வரை விரிந்து கிடக்கும். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் ஊருக்குள்ளேயே உண்டு. அவசரம் என்றால் தியத்தலாவ ஆதார வைத்தியசாலை பக்கத்தில். மேற்கே இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல; கிழக்கே தியத்தலாவ, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை. இரண்டு பக்கமும் கை நீட்டக்கூடிய இடம் இதுதான். காற்றும் பின்னேர மூடுபனியும் கடுமை. கம்பளி உடுப்பு கட்டாயம்.

மூன்று நாள் திட்டம்

முதல் நாள் கிழக்கே. அப்புத்தளையிலிருந்து எல்லவைக் கடந்து தெமோதரைக்கு ரிக்கட் எடுங்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தப் பாலத்தில் இரும்புச் சட்டங்கள் இல்லை. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். பாலத்தை வெளியே நின்று பார்க்க எல்லவில் இறங்கி நடக்கவேண்டும். பாலத்தின் மேலே போக இறங்க வேண்டியதே இல்லை. நடக்க முடியாத எனது உம்மா ஆசனத்தில் இருந்தபடியே அதைக் கண்டுவிட்டார். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, அந்த நிலையத்துக்குக் கீழேயே சுரங்கமாகப் போகும். அந்த வளைவையும் புகையிரதத்தில் இருந்தே பார்க்க விரும்புவோர் பதுளை வரை போகலாம். திரும்பும்போது எல்லவில் இறங்கி இளையவர்கள் மலை ஏறட்டும்.

இரண்டாம் நாள் அதிகாலையில் தம்பேதென்ன. அப்புத்தளையிலிருந்து தோட்டத்துக்குப் பஸ் உண்டு. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அதற்கு மேலே லிப்டன் ஆசனம் எனப்படும் காட்சிமுனை. முச்சக்கரவண்டி மேலே வரை ஏறும். மூடுபனி வருமுன் போய்விட வேண்டும். தேயிலையை உலகெங்கும் விற்ற ஒரு மளிகை வியாபாரி, தனது சரக்கு விளையும் நிலத்தை இங்கே இருந்து பார்த்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாம் நாள் மேற்கே இதல்கஸ்ஹின்ன. சிறிய நிலையம், இரு பக்கமும் பள்ளத்தாக்கு. சாப்பாட்டுப் பொதி கட்டிக்கொண்டு போய் அடுத்த வண்டி வரும்வரை இருந்தால் போதும். ஹோட்டன் சமவெளிக்குப் போக விரும்புவோர் புகையிரதத்தை நம்பக்கூடாது. பகல் வண்டியில் ஒஹியவில் இறங்கி மேலே போகும்போது உலக முடிவை மூடுபனி மறைத்துவிடும். அதற்கு விடியுமுன் வான் பேசிக்கொள்ள வேண்டும். சமவெளியில் 9 கிலோமீற்றர் அளவு நடக்கவும் வேண்டும்.

ரிக்கட்டும் பாதுகாப்பும்

மலைநாட்டுப் புகையிரதத்தில் முன்பதிவு ஆசனம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது எல்லோரும் அறிந்தது. ஊருக்கு ஊர் மாறித் தங்குபவர் நான்கைந்து தடவை முன்பதிவு செய்யவேண்டும். ஓரிடத்தில் தங்குபவருக்கு வரவும் போகவும் இரண்டு தடவை போதும். இடையில் வரும் குறுகிய ஓட்டங்களுக்கு முன்பதிவில்லாத பெட்டியில், சில்லறைக் காசில், உள்ளூர் மக்களுடன் சேர்ந்து போய் வரலாம். நாளுக்கு ஒரு சில வண்டிகளே ஓடுவதால் திரும்பும் வண்டியின் நேரத்தைக் காலையிலேயே நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி தவறினால் பஸ் இருக்கிறது.

படம் எடுப்பதற்காக மிதிபலகையில் தொங்குவதைப் பிள்ளைகளுக்கு அனுமதிக்கவே கூடாது. உயிர்கள் போயிருக்கின்றன. அதேபோல "இரவோடு இரவாக வானில் போய்விடலாம்" என்ற யோசனையும் வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவிலும், செப்டெம்பரில் எல்ல-வெல்லவாய வீதியிலும் நடந்த பஸ் விபத்துக்களை மறந்துவிட முடியாது. வீதியால் போவதென்றால் பகலில் போங்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா சூறாவளியில் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சேதமடைந்தது. ஆகவே புறப்படுமுன் எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்பதைப் புகையிரதத் திணைக்களத்திடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அப்புத்தளையையும் பண்டாரவளையையும் நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாக வீதியாலும் அந்த ஊர்களை அடையலாம். மறுவழி உள்ள ஊரே நல்ல கிட்டங்கி.

எமது பணம் எங்கே போகிறது?

2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2020இல் கொரோனாவிலும், 2022இல் எரிபொருள் இல்லாத நாட்களிலும் எனது கணக்குப் புத்தகம் ஒரு பாடம் சொன்னது. வெளிநாட்டவரை மட்டும் நம்பிய ஊர்களின் கடைகள் முதலில் ஓடர் நிறுத்தின. தேயிலையையும் மரக்கறியையும் சுற்றியுள்ள தோட்ட மக்களையும் நம்பிய ஊர்களின் கடைகள் குறைவாகவேனும் வாங்கிக்கொண்டே இருந்தன. அந்தக் கடைக்காரர்கள் எமக்குத் தரவேண்டியதைத் தவணை தவணையாகவேனும் தந்தார்கள்.

உள்ளூர்க் குடும்பம் ஒன்று ஒரு சிறு நகரத்தில் மூன்று இரவு தங்கினால் அறைக்காரர், பேக்கரி, மரக்கறிக் கடை, ஓட்டோக்காரர் எனப் பலர் கைக்குப் பணம் போகிறது. ஊர் ஊராக ஓடுபவரின் பணத்தில் பெரும்பகுதி வாகன வாடகையிலும் எரிபொருளிலும் கரைந்துவிடுகிறது. சூறாவளியில் அடிபட்ட மலைநாட்டு வியாபாரிகளுக்கு நன்கொடை ஒரு தடவைதான் கொடுப்போம். வாடிக்கையாளராகப் போனால் வருடா வருடம் போவோம்.

ஆகவே அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டுமுன் புகையிரதப் பாதையின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து, வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள். நடக்க முடியாதவர் யார், மருந்து வேண்டியவர் யார், மலை ஏறத் துடிப்பவர் யார் என்று கேளுங்கள். அதற்கேற்ற ஊர் ஒன்றைத் தெரிவு செய்து, அறையை ஒரே தடவையில் மூன்று இரவுகளுக்குப் பேசிவிடுங்கள். மூன்று இரவு என்றால் விலை குறைத்துக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.