சட்டக் கல்லூரி மாறலாமா?

சட்டம் பயில விரும்பும் நம் தோழியர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: சேர்ந்த கல்லூரியிலிருந்து இடையில் வேறொரு கல்லூரிக்கு மாற முடியுமா? தந்தைக்குப் பணி மாற்றம் வரலாம். திருமணமாகி வேற்றூர் செல்ல நேரலாம். பாரிமுனையில் இருந்த பழைய சட்டக் கல்லூரியே 2018இல் புதுப்பாக்கத்திற்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பெயர்ந்துவிட்டது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழும் மாணவிக்கு அங்கே நாள்தோறும் போய்வருவது எளிதன்று. படிப்பு தொடருமா, நின்றுவிடுமா என்பதே இவ்வினாவில் அடங்கியிருக்கிறது.

மாறிச் செல்வது வேறு, சென்று பயின்று திரும்புவது வேறு. அமெரிக்க நாட்டில் இவ்விரண்டும் வழக்கில் உள்ளன. முதலாண்டு முடித்து மாறியவருக்குப் புதிய கல்லூரி பட்டம் அளிக்கும். விருந்து மாணவராகச் சென்றவருக்கோ தாய்க் கல்லூரியே பட்டம் அளிக்கும்.

நம் நாட்டில் மாறிச் செல்லும் வாயில் குறுகியது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகள் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. ஆதலால் அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பாடங்கள் பொருந்தும். ஆயினும் இடம் காலியாக இருக்க வேண்டும், உரிய அனுமதியும் பெற வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களோ தனித்தனிச் சட்டங்களால் அமைந்தவை, பாடத்திட்டமும் வேறுபடும். மேலும், வேறொரு பட்டம் இருப்பதைக் காட்டி ஐந்தாண்டுப் படிப்பின் நடுவில் நுழைவதை இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. ஆனால் வெளியாள் ஒருவர் சில பாடங்களுக்கு மட்டும் ஒழுங்காக வகுப்பில் அமர்ந்து, தேர்வெழுதிச் சான்றிதழ் பெற அவ்விதிகளே இடமளிக்கின்றன. அச்சான்றிதழ் பட்டம் ஆகாது.

இவ்வேறுபாட்டின் அருமையைக் கார்னீலியா சொராப்ஜியின் வாழ்வு காட்டும். புனேயில் பயின்ற அவர் 1889இல் ஆக்ஸ்போர்டு சென்று, 1892இல் தனி அனுமதி பெற்றுச் சட்டத் தேர்வு எழுதினார். பெண்களுக்கு அங்கே பட்டம் வழங்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. அவர் கைக்குப் பட்டம் வந்தது 1922இல்தான்! இடையில் தாயகம் திரும்பி, 1897இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் சட்டத் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. வகுப்பில் அமர்வதும் பட்டம் பெறுவதும் ஒன்றல்ல என்பதை நாம் இதிலிருந்து அறியலாம்.

எனவே மாற நினைப்போர் நான்கு வினாக்களுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். பட்டம் அளிப்பது யார்? முன்னர் தேறிய பாடங்கள் கணக்கில் சேருமா? எந்தப் பருவத்தில் சேர்த்துக்கொள்வர்? கட்டிய கட்டணம் என்னாகும்? இவற்றை அறியும் முன்னர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடக் கூடாது. வாங்கிவிட்டால் பழைய இடமும் போய், புதிய இடமும் கிட்டாமல் போகலாம்.

ஒரு நற்செய்தியும் உண்டு. படிக்கும்போது குறுகலாக இருக்கும் வழி, படித்து முடித்தபின் அகன்றுவிடுகிறது. பார் கவுன்சிலில் முறைப்படி பதிவு செய்த வழக்கறிஞர் இந்தியாவின் எம்மாநில நீதிமன்றத்திலும் வழக்காடலாம். தம் பதிவையே வேறு மாநிலத்திற்கு மாற்றிக்கொள்ளவும் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் வழிசெய்கிறது. ஆகவே வேற்றூர் செல்ல நேர்ந்தாலும், இயன்றால் விடுதியில் தங்கியேனும் தொடங்கிய இடத்திலேயே படிப்பை முடிப்பது நலம். பெற்றோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஓரிரு ஆண்டுப் பொறுமை, ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் நாடெங்கும் செல்லும் உரிமையைத் தேடித் தரும்.